குரல் எங்கே போயிற்று?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நமது பால்ய சிநேகிதர் ஒருவருடைய வீட்டிற்குப் போயிருந்தோம். நண்பருடைய தாயாருக்கு அன்றைய தினம் எண்பது வயது நிறைந்திருந்தது. தடபுடல் ஒன்றும் கிடையாது. வடை, பாயசம், நெருங்கிய உறவினர் நாலைந்து பேர், அவ்வளவுதான். ஆனால் காலேஜில் படிக்கும் பேரன் மட்டும் பாட்டிக்கென்று இரகசியமாக ஒரு பரிசு தயார் செய்து வைத்திருந்தான்.

நண்பருடைய தகப்பனார் காலமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலை வேளைகளில் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு கதை சொல்லுவது அவருடைய வழக்கம். எப்பொழுதோ ஒரு நாள் வீட்டில் யாரோ அதைக் காஸெட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். பரணில் கிடந்த அந்தக் காஸெட்டைப் பேரன் கண்டெடுத்துத் தூசி தட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, செல்போனுக்கு மாற்றியிருந்தான். அதைப் பாட்டி கேட்பதற்காகப் புதிய இயர்போன் ஒன்றும் வாங்கியிருந்தான். விலை 7,000 ரூபாய் என்று அவன் சொல்லவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு சொல்லிற்று.

"பாட்டி! இது யாருடைய குரல் என்று சொல்லு, பார்க்கலாம்" என்று சொல்லிப் பாட்டியின் காதில் அதை மாட்டினான். நாங்கள் எல்லாரும் பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் கேட்டார். பிறகு மெதுவாக இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தாத்தாவின் குரல் மாதிரி இருக்கிறது, கண்ணா! ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். என்ன சொல்லுகிறார் என்றுதான் தெரியவில்லை. எனக்குத்தான் காது போய்விட்டது போலிருக்கிறது. நீங்கள் எல்லாரும் கேளுங்கள்" என்றார்.

பையனுடைய முகம் வாடிவிட்டது.

நாமும் வாங்கிக் கேட்டுப் பார்த்தோம். பாட்டி சொன்னது முற்றும் வாஸ்தவம். பெரியவர் பேசும்போது பக்கத்தில் யாரோ பலகையைத் தட்டியிருக்கிறார்கள். அந்த 'கும்' என்ற சப்தம் யானை நடந்து வருவது போல் கேட்டது. காஸெட் நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சல் ஆயிரம் பாம்புகள் சீறுவது போல் கேட்டது. யானைக்கும் பாம்புக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு மனிதர் தவித்துக் கொண்டிருந்தார். காஸெட்டுக்கு வயதாகிவிட்டது என்றார் ஒருவர். பாட்டிக்கு வயதாகிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லாமல் நினைத்துக்கொண்டார் மற்றொருவர். இயர்போனைக் குற்றம் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை. 7,000 ரூபாய் அல்லவா?

அப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்லுகிறோம். அதற்கு முன்னால் இந்தக் 'குரல் காணாமற் போன' விஷயத்தைச் சற்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இது அந்த ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் சங்கதி அல்ல.

* * *

ஒலி என்பது அதிர்வு. விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையில் மனிதனுடைய காது கேட்கும் என்று பௌதிக சாஸ்திரம் கூறுகிறது. இந்த அதிர்வுக் கணக்குக்கு 'ஹெர்ட்ஸ்' என்று பெயர். ஒலி நிபுணர்கள் இந்த நீண்ட ராஜபாட்டையை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுகிறார்கள். ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது அடியொலி. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது உச்சியொலி. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதை நடுவொலி என்று நாம் அழைக்கலாம். எல்லைக்கல் நாட்டும் இடம் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். அதனால் பாதகமில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 20,000-ல் இந்த நடுப்பகுதி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் காது எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்பதில்லை, இரட்டித்துக் கேட்கிறது. அதிர்வு இரு மடங்கானால் ஒரு ஸ்தாயி உயர்ந்தது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் அறிவார்கள். அந்தக் கணக்கில் 20 முதல் 20,000 வரையில் சுமார் பத்து ஸ்தாயிகள். அவற்றில் 250 முதல் 4,000 வரையில் உள்ளவை நாலு. இந்த நாலு ஸ்தாயிகளில்தான் மனிதனுடைய பேச்சும் பாட்டும் பெரும்பாலும் குடியிருக்கின்றன.

'அது எப்படி? பாடகர்களுடைய சுருதி அதைவிடத் தாழ்ந்ததாயிற்றே?' என்று விஷயம் தெரிந்த நேயர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் வித்வானுடைய ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவர் மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரையில் சஞ்சரித்தாலும் 98-லிருந்து 392 வரையில்தான் போய் வருகிறார். ஐந்து கட்டையில் பாடும் அம்மையாருடைய ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். அவருடைய தார பஞ்சமம்கூட 588-ஐத் தாண்டவில்லை.

ஆனால் எந்தக் குரலும் ஒற்றை அதிர்வாக வெளிவருவதில்லை. 131 என்ற ஸ்வரத்தைப் பாடும்போது கூடவே 262, 393, 524 என்று அதன் மடங்குகளும் உபஸ்வரங்களாகக் கிளம்புகின்றன. அந்த உபஸ்வரங்களில் எது ஓங்குகிறது, எது ஒடுங்குகிறது என்பதைத் தொண்டையும் நாக்கும் உதடும் நிர்ணயிக்கின்றன. ஒரே ஸ்வரத்தை இரண்டு பேர் பாடினால் இன்னார் பாடுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு நாம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? அந்த அடையாளம் பெரும்பாலும் நடுவொலியில்தான் இருக்கிறது.

பாட்டுக்கு அடையாளம் என்றால், பேச்சுக்கு அதுவே உயிர். ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 'ஈ' என்று சொல்லும்போதும் 'ஊ' என்று சொல்லும்போதும் வாயில் எழும் முதல் முழக்கம் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் 300 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டாவது முழக்கத்தில்தான் வேற்றுமை. 'ஊ'வுக்கு அது 800-ஐ ஒட்டி இருக்கிறது. 'ஈ'க்கு 2,000-க்கும் மேலே ஏறிவிடுகிறது. அந்த மேற்பகுதியை ஒரு கருவி அமுக்கிவிட்டால் என்ன ஆகும்? 'கீரை வாங்கி வா' என்று எஜமானி போனில் சொன்னது 'கூரை வாங்கி வா' என்று கணவன் காதில் விழும். நமது தமிழ்மொழியில் உள்ள லகர ளகர ழகர பேதமும், ஏறக்குறைய 1,000-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட அந்த வட்டாரத்தில்தான் பெரும்பாலும் பிடிபடுகிறது. எழுத்தைக் கொல்லும் நாக்குகளைப் பற்றித் தமிழ்ப் பண்டிதர்கள் எத்தனையோ முறை கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தைக் கொல்லும் இயர்போன்களும் உண்டு என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

* * *

இயர்போன் என்ற கருவி தோன்றியதே மனிதனுடைய வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில், டெலிபோன் நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் பேச்சைக் கேட்பதற்காகத் தோளிலும் தலையிலும் பாரமான கருவிகளைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர், இரண்டு காதிலும் வைத்துக் கேட்கும் கருவி ஒன்றைத் தம் கைப்படச் செய்து, 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். பெரிய பிரார்த்தனை மண்டபத்தில் பிரசங்கியார் சொல்லுவது சரியாகக் காதில் விழாததுதான் அவரை இந்த முயற்சியில் தூண்டிற்று என்று அவருடைய கதையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். ஆகவே வார்த்தை காதில் விழவில்லை என்ற குறையிலிருந்து பிறந்த கருவி இது. அந்தக் கருவியே இன்று வார்த்தையை விழுங்கி ஏப்பம் விடுகிறது என்றால் அதைக் காலத்தின் கோலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

டெலிபோன்காரர்கள் இந்த இரகசியத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். பழைய டெலிபோன் கம்பியில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையில் மட்டுமே அனுப்பினார்கள். அடியும் இல்லை, உச்சியும் இல்லை, நடு மட்டும்தான். ஆண்பிள்ளையின் குரலுக்கு ஆதாரமான 100, 120 ஹெர்ட்ஸ் அதிர்வு அந்தக் கம்பியில் போகவே போகாது. ஆயினும் அப்பா பேசினால் அப்பா குரலாகவே கேட்டது; அம்மா குரலாகக் கேட்கவில்லை! உபஸ்வரங்களின் இடைவெளியைக் கொண்டே விட்டுப்போன ஆதாரத்தை நமது மூளை ஊகித்துக்கொள்ளுகிறது. ஆனால் விட்டுப்போன நடுவை அவ்விதம் ஊகித்து நிரப்பிக்கொள்ள எந்த மூளையாலும் முடியாது. 1947-ல் பிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பேச்சு விளங்குவதைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஆங்கிலப் பேச்சு விளங்குவதற்குச் சுமார் 1,900 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி எவ்வளவு உதவுகிறதோ, அவ்வளவு அதற்கு மேலே உள்ள பகுதியும் உதவுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதாவது பேச்சின் துலாக்கோலுக்கு முள் நிற்கும் இடம் நடுவொலியின் மத்தியில் இருக்கிறது.

காதும் இதற்குத் தகுந்தாற்போலவே படைக்கப்பட்டிருக்கிறது. நமது காதின் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழல். ஒரு பக்கம் திறப்பு, மறு பக்கம் செவிப்பறை. புல்லாங்குழலுக்கு ஒரு சுருதி இருப்பது போல் இந்தக் குழலுக்கும் ஒரு சுருதி உண்டு. அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டியது. வெளியிலிருந்து வரும் ஒலியில் அந்த வட்டாரத்தை இந்தக் குழல் தானாகவே ஓங்கச் செய்து செவிப்பறைக்கு அனுப்புகிறது. இப்பொழுது அந்தத் துவாரத்தில் ஒரு ரப்பர் முனையைச் செருகி அடைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை கொடுத்த அந்த உதவி மாறிப்போய்விடுகிறது. அதை ஈடுசெய்ய வேண்டிய கடமை கருவியைச் செய்கிறவருடையது. 3,000-ஐ ஒட்டிய பகுதியை அவர் தக்கபடி உயர்த்திக் கொடுத்தால்தான் குரல் எதிரில் நின்று பேசுவது போல் இருக்கும். உயர்த்தாவிட்டால் பேசுகிறவர் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுகிறார். அளவுக்கு மீறி உயர்த்தினாலோ காதுக்குள் வந்து நின்றுகொண்டு கத்துகிறார். 500, 800 ஹெர்ட்ஸ் அடைய ஓங்கினால் தகர டப்பாவுக்குள் வாயை வைத்துப் பேசுகிறார். நடுவொலி சிறந்திருப்பது என்றால் அது அதிகமாயிருப்பது என்று அர்த்தமல்ல. அளவாயிருப்பது என்றே அர்த்தம்.

செவிக்கருவி சாஸ்திரத்தில் தேர்ந்த மீட் கில்லியன் என்ற அமெரிக்கர் இந்த ஈட்டைக் கணக்கிட்டு அமைத்த இயர்போன் 1991-ல் வெளிவந்தது. காது கேளாதவர்களுக்காகச் செய்த சிறு பொறிதான் அதன் உள்ளே இருந்தது. குறை உள்ள காதுக்கு உழைத்தவர், குறை இல்லாத காதுக்கும் எது வேண்டும் என்று கண்டுகொண்டது ஆச்சரியமல்ல.

* * *

இத்தனையும் தெரிந்திருக்கும்போது கடைகளில் விற்கும் இயர்போன்களில் பல ஏன் 'கும் கும்' என்று முழங்குகின்றன?

காரணம் கடையிலேயே இருக்கிறது. கடைக்குப் போகிறோம். சுற்றிலும் சந்தடி. விற்பனைப் பையன் ஓர் இயர்போனை நீட்டுகிறான். அரை நிமிஷம் கேட்கிறோம். அந்த அரை நிமிஷத்தில் நம்மைப் பிடித்து உலுக்குவது எது? தொடை தட்டும் அடியொலியும், ஜரிகை போல் மினுக்கும் உச்சியொலியும்தான். நடுவொலி நன்றாயிருந்தால் அது கண்ணில் படுவதே இல்லை. நல்ல கண்ணாடி ஜன்னலை யார் கவனிக்கிறார்கள்? வெளியில் தெரியும் தோட்டத்தையல்லவா கவனிக்கிறோம்? ஆகவே அடியையும் உச்சியையும் தூக்கி நடுவைப் பள்ளமாக்கிவிட்டால் சரக்கு சீக்கிரம் விலை போகிறது. வாங்கி வந்து ஒரு வாரம் கேட்ட பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. அதற்குள் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுகிறோம்.

பெட்டியின் மேல் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். கல்யாணப் பந்தியில் உப்பு முதல் அப்பளம் வரையில் எல்லாம் உண்டு என்று சொல்லுவது போன்ற வார்த்தை அது. எது எவ்வளவு என்று அது சொல்லுவதில்லை. சாதம் ஒரு கரண்டியும் ஊறுகாய் ஒரு படியும் பரிமாறினாலும் அந்த வார்த்தை பொய்யாகாது.

விலையைப் பார்த்து வாங்கலாமா என்றால், அதுவும் நம்பத் தகுந்த வழியல்ல. ஜெரோன் பிரேபார்ட் என்ற விஞ்ஞானி 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளைச் சோதித்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒலிகளைப் பங்கிட்டுத் தரும் முறைக்கும் கடை விலைக்கும் சம்பந்தம் காணவில்லை என்பது அவருடைய முடிவு. நமது நண்பருடைய குமாரன் இதைப் படித்திருந்தால் 7,000 ரூபாயில் பெரும்பகுதியைப் பாட்டிக்குப் புடவையாக வாங்கியிருப்பான்.

அடியொலியே வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. மிருதங்கத்தின் தொப்பிக்கு முழக்கம் இல்லாவிட்டால் கச்சேரி சோபிக்குமா? ஹார்மன் என்ற அமெரிக்கக் கம்பெனியில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலிய ஆராய்ச்சியாளர்கள் பலதரப்பட்ட ஜனங்களைக் கேட்கச் செய்து நடத்திய பரிசோதனைகளில், அடியொலி சற்றுத் தூக்கலாயிருப்பதைப் பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்றுதான் தெரிந்தது. அதில் குற்றமில்லை. அஸ்திவாரம் இல்லாத வீடு ஏது? ஆனால் அஸ்திவாரத்தையே கூடத்தின் நடுவில் எழுப்பி வைத்தால் மனிதர்கள் உட்காருவது எங்கே?

அடியொலி மிஞ்சினால் நடுவொலி வெறுமனே குறைவாகத் தோன்றுவதோடு நிற்பதில்லை, மறைந்தே போகிறது. 1924-ல் வீகல், லேன் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். பலமான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே உள்ள ஒலிகளைச் சுலபமாக மூடிவிடுகிறது. உயர்ந்த ஒலியோ தனக்குக் கீழே உள்ளதை அவ்வளவாக மூடுவதில்லை என்று கண்டார்கள். கட்டைக் குரலில் சண்டை போடும் வீட்டில் குழந்தையின் அழுகை கேட்காமற் போவது இயற்கையின் நியதி போலும்!

* * *

இது ரஸிகர்களுடைய ருசியைப் பற்றிய விவகாரம் மட்டுமாயிருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டோம். தேகத்தைப் பற்றிய விவகாரமும் இதில் அடங்கியிருக்கிறது.

குரல் தெளிவாகக் கேட்காதபோது மனிதன் என்ன செய்கிறான்? சப்தத்தைக் கூட்டுகிறான். குரலோடு அடியும் உச்சியும் சேர்ந்து கூடுகின்றன. காதுக்குப் போய்ச் சேரும் மொத்த வேகம் பெருகுகிறது. வார்த்தை மட்டும் இன்னும் தெளியவில்லை. மறுபடியும் கூட்டுகிறான். உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்துடன் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட விதிப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணிக்கு 75 டெசிபல்தான். அளவு மூன்று டெசிபல் ஏறினால் கேட்கத் தகுந்த நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 89 என்றால் 5 மணி. இவ்விதமாக உலகத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் தங்கள் செவியை ஆபத்துக்கு உட்படுத்துகிறார்கள் என்று அந்த ஸ்தாபனம் எச்சரித்திருக்கிறது. உட்செவியில் உள்ள நுண்ணிய ரோம அணுக்கள் ஒரு முறை அழிந்தால் மனிதனுக்கு மறுபடியும் முளைப்பதில்லை. தலைமயிருக்காவது தைலம் விற்கிறார்கள். இதற்குத் தைலம் கிடையாது.

குரலைத் தெளிவாகத் தரும் இயர்போனில், சப்தத்தைக் குறைத்து வைத்தாலும் வார்த்தை புரிகிறது. அதனால் காது பிழைக்கிறது. நல்ல நடுவொலியின் முதல் லாபம் இதுதான்.

இரண்டாவது லாபம் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு. வயது ஏற ஏறக் காதின் சக்தி மேலிருந்து கீழாகக் குறைந்துகொண்டு வருகிறது. முதலில் போவது உச்சியொலி. அதன் மினுக்கை எண்பது வயதுக் காதுக்குக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. அடியொலியின் முழக்கம் கேட்கும். ஆனால் அது வார்த்தையைத் தராது. அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஆஸ்தி நடுவொலி ஒன்றுதான். அதையும் பள்ளமாக்கிய கருவியை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பிறகு, 'பாட்டிக்குக் காது கேட்கவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் அதை ஒப்புக்கொண்டு மெதுவாகப் பேச்சிலிருந்து ஒதுங்கி மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையாகவே காது மந்தமாகியிருந்தால் வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்ப்பது நமது கடமை. ஆனால் குற்றம் காதிலா, கருவியிலா என்று முதலில் பார்த்துவிடுவதும் கடமைதான்.

* * *

பார்ப்பது எப்படி என்று நேயர்கள் கேட்பார்கள். அதிக சிரமமில்லை. நாம் கையாண்டு பலன் கண்ட முறைகளைச் சொல்லுகிறோம்.

முதலாவதாக, கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவருடைய பேச்சைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு போங்கள். மனைவி, மகன், தாயார், யாராயிருந்தாலும் சரி. அந்தக் குரல் வீட்டில் கேட்பது போலவே கேட்கிறதா என்று பாருங்கள். அதைவிடச் சிறந்த தராசு உலகத்தில் இல்லை. நேரில் ஒரு நாளும் கேட்டிராத வாத்தியம் சரியாக ஒலிக்கிறதா என்று தீர்மானிப்பது கஷ்டம். சொந்தத் தாயாருடைய குரல் மாறியிருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, சப்தத்தை மிகவும் குறைத்து வைத்துக் கேளுங்கள். அப்போதும் வார்த்தை முழுதும் புரிந்தால் அந்தக் கருவி யோக்கியமானது.

மூன்றாவதாக, ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியில் ஆலாபனைப் பகுதியைக் கேளுங்கள். பாடகரைத் தொடர்ந்து வயலின் வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஸ்தாயியில், ஒரே சங்கதியில் சஞ்சரிக்கும். எது குரல், எது வில் என்று ஒவ்வொரு கணமும் தனித்தனியாகத் தெரிகிறதா? அவற்றின் பின்னால் தம்பூராவின் நாதம் அறுபடாமல் ஓடுகிறதா? இரண்டும் ஒன்றாகக் குழம்பினால் அந்த இயர்போனை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள்.

நான்காவதாக, இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் சப்தம் ஒரே அளவாக இருக்கட்டும். எது உரக்கக் கேட்கிறதோ அதுவே உயர்ந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. அரசியல் மேடையிலும் இதே தவற்றைத்தான் செய்கிறோம்.

ஐந்தாவதாக, ரப்பர் முனை காதுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் அடியொலி முழுவதும் வெளியே கசிந்துவிடும். அப்போது நல்ல கருவியும் கீச்சென்று ஒலிக்கும். பெட்டியில் இரண்டு மூன்று அளவுகளில் முனைகள் இருக்கும். முதலில் மாட்டியிருப்பதே நமக்கு விதித்தது என்று இருந்துவிட வேண்டாம்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான செல்போன்களில் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ள 'ஈக்வலைஸர்' என்ற வசதி இருக்கிறது. அதில் நடுவைத் தூக்க முயலாமல் முதலில் அடியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மேலே படுத்திருப்பவன் எழுந்துவிட்டால் கீழே இருப்பவன் தானாக எழுந்து உட்காருவான்.

* * *

இனி, நண்பருடைய வீட்டிற்குத் திரும்புவோம்.

வாடிய முகத்தோடு நின்ற பையனிடம், "வீட்டில் வேறு இயர்போன் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டோம். மேஜை இழுப்பறையைக் குடைந்து, எப்போதோ ஒரு பழைய போனோடு இனாமாக வந்த ஒயர் இயர்போனை எடுத்து வந்தான். ஒயர் நூறு முடிச்சு விழுந்து கிடந்தது. அதைப் பிரிப்பதற்கே ஐந்து நிமிஷமாயிற்று. அந்தக் காலத்தில் அதை யாரும் மதித்திருக்க மாட்டார்கள். அடியொலி என்று சொல்லிக்கொள்ளும்படி அதில் ஒன்றும் இல்லை. உச்சியும் மங்கல். எஞ்சியது நடு ஒன்றுதான்.

பாட்டி வேண்டாமென்று தலையசைத்தார். "எனக்கு எதற்கடா இதெல்லாம்? நீங்கள் கேட்டால் போதாதா?" என்றார். பேரன் விடவில்லை. மெதுவாக மாட்டிவிட்டான்.

அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு பாட்டியின் கை, மடியிலிருந்த புடவைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டது. உதடுகள் அசைந்தன. கதையைக் கூடவே சொல்லிக்கொண்டு போகிறார் என்று சற்று நேரத்துக்கெல்லாம் தெரிந்தது. ஓரிடத்தில் சிரித்தார். காஸெட்டின் முடிவு வரையில் பன்னிரண்டு நிமிஷமும் அறையில் ஒருவரும் பேசவில்லை.

முடிந்ததும் பேரன், "கடைசியில் தாத்தா என்னவோ சொல்லுகிறாரே, பாட்டி! எனக்கு அது புரியவே இல்லை. என்ன அது?" என்று கேட்டான்.

"'போதும், எழுந்திருங்கள், பாட்டி எத்தனை நேரமாகச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்' என்று சொல்லுகிறாரடா. ஆமாம், தினமும் இப்படித்தான். ரஸம் ஆறிப் போய்விடும்" என்றார் பாட்டி. பிறகு, யாரைப் பார்த்தும் அல்லாமல், "எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

அந்த 7,000 ரூபாய் இயர்போனும் வீணாகிவிடவில்லை. பையன் அன்று சாயங்காலமே ஈக்வலைஸரில் அடியொலியைப் பாதியாக இறக்கிவிட்டான். இப்போது அதிலும் தாத்தா கிணற்றைவிட்டு மேலே ஏறி, கிணற்றங்கரை வரையில் வந்திருப்பதாகக் கேள்வி.

நேயர்கள் வீட்டிலும் பரணில் இம்மாதிரிக் காஸெட்டுகள் கிடக்கலாம். நாடா மக்கிப் போவதற்குள் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு, பெரியவர்கள் காதில் அதை மாட்டுவதற்கு முன்னால், நீங்கள் ஒரு தடவை மாட்டிக்கொண்டு, குரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.